வால்வின் முதுகில் ஏறும் கரி

(கொல்கத்தாத் தமிழர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கார் எஞ்சினுக்குள் காற்று நுழையும் வாசலில் ஒரு வால்வு இருக்கிறது. இன்டேக் வால்வு என்பார்கள். நீண்ட ஒரு தண்டு, அதன் கீழ்முனையில் வட்டமான ஒரு தட்டு, அவ்வளவுதான் அது. தட்டின் கீழ்ப்பக்கம் சிலிண்டருக்குள் எரியும் நெருப்பைப் பார்த்திருக்கும். மேல்பக்கம், அதாவது தண்டைச் சுற்றியுள்ள முதுகுப் பகுதி, வெளிக்காற்று வரும் குழாயைப் பார்த்திருக்கும். அந்த முதுகில் படியும் கரியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஒரு மணி நேரம் பேச இதில் என்ன இருக்கிறது என்று சிலர் முகத்தில் தெரிகிறது. அந்தக் கரியின் பேரைச் சொல்லி நம் ஊரில் விற்கும் புட்டிகளையும் மிஷின் வைத்தியங்களையும் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய வகை பெட்ரோல் எஞ்சின்களில் அந்தக் கரி பெரும்பாலும் பெட்ரோல் கொடுத்தது அல்ல; எஞ்சின் ஆயில் கொடுத்தது. அதனால் பெட்ரோல் டேங்கில் நீங்கள் எதை ஊற்றினாலும் அது அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

கொல்கத்தாவில் நின்று எஞ்சின் பேசுகிறவன் உத்தரபாராவைத் தொடாமல் மேலே போக முடியாது. 1942-ல் குஜராத்தின் ஓக்கா துறைமுகத்தில் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948-ல் ஹூக்ளிக் கரையில் உள்ள உத்தரபாராவுக்கு வந்தது. ஹௌராவிலிருந்து லோக்கல் ரயிலில் போகிறவர்களுக்கு ஹிந்த்மோட்டார் என்ற ஸ்டேஷனே தெரியும். 1957-ல் அம்பாசடர் வந்தது; இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வார்ப்பு. 1959-ல் அதற்கு 1489 சிசி பிஎம்சி எஞ்சின் கிடைத்தது. அந்த எஞ்சின்தான் இந்த நகரத்து மிஸ்திரிகளின் பள்ளிக்கூடம்.

அந்தக் காலத்தில் கரி எடுப்பது ஒரு வழக்கமான வேலை. 'டீகார்ப்' என்று சொன்னால் போதும். ஹெட்டைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்துப் போடுவார்கள். பிஸ்டன் தலையிலும் ஹெட்டின் குழிவிலும் ஏறியிருக்கும் கரியைச் சுரண்டுவார்கள். வால்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து, உட்காரும் இடத்தில் அரைக்கும் பசையைத் தடவி, ரப்பர் உறிஞ்சி வைத்த குச்சியை வால்வில் ஒட்டவைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டித் தேய்ப்பார்கள். முதலில் முரட்டுப் பசை, பிறகு மென்பசை. வால்வின் விளிம்பைச் சுற்றி அறுபடாத ஒரு சாம்பல் வளையம் தெரிந்தால் வேலை முடிந்தது. நம்பிக்கை இல்லாவிட்டால் குழாய்ப் பக்கம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். பார்க் ஸ்ட்ரீட் முனையில் உள்ள மல்லிக் பஜாரில் பழைய பாகங்களும் கிடைக்கும், இதெல்லாம் தெரிந்த கைகளும் கிடைக்கும்.

இன்னொரு வித்தையும் உண்டு. எஞ்சினை வேகமாக முறுக்கிக்கொண்டே கார்புரேட்டருக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவார்கள். உள்ளே நீராவி கரியைப் பெயர்க்கும். அம்பாசடர் அதைத் தாங்கியது. இன்றைய டர்போ எஞ்சினில் யாராவது அதைச் செய்ய வந்தால் அவரிடமிருந்து காரைக் காப்பாற்றுங்கள். தண்ணீரை அழுத்த முடியாது; சிலிண்டரில் அளவுக்கு மேல் தேங்கினால் கனெக்டிங் ராடு வளையும்.

அந்தப் பழைய கரிக்கு மூன்று காரணம்: ஈயம் கலந்த பெட்ரோல், கார்புரேட்டர் தாராளமாக ஊற்றிய கலவை, தேய்ந்த ரிங் வழியாக ஏறிய ஆயில். மூன்றும் முக்கியமாக நெருப்பு எரியும் பக்கத்தில்தான் தங்கின. வால்வின் முதுகு அவ்வளவாகக் கெடவில்லை, ஏனென்றால் கார்புரேட்டரிலிருந்து வரும் ஈரப் பெட்ரோல் அதைத் தடவிக்கொண்டுதான் உள்ளே போனது.

இங்கே ஒரு நுணுக்கம் கவனிக்க வேண்டும். எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே ஆயில் தொட்டிப் பக்கம், அதாவது கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அது ஆயில் ஆவியையும் பெட்ரோல் ஆவியையும் நீராவியையும் சேர்த்துக்கொண்டு வெளியே வரத் துடிக்கும். பழைய எஞ்சின்களில் பெரும்பாலும் அதற்கு ஒரு குழாய் வைத்துச் சாலையைப் பார்த்துத் திறந்துவிட்டார்கள். நிறுத்தின இடத்தில் ஆயில் பொட்டு, கூடவே ஒரு வாடை. ஊர்தான் அதைச் சுமந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1960-களின் தொடக்கத்தில் இதைத் தடுத்தது: அந்த வாயுவை வெளியே விடாதே, மறுபடி எஞ்சினின் காற்றுக் குழாய்க்கே கொண்டுபோய் எரித்துவிடு என்று. பிசிவி வால்வு என்று இன்று பெட்ரோல் கார்களில் இருப்பது அந்தச் சட்டத்தின் பிள்ளை. நல்ல சட்டம். ஊர் மூக்கில் ஏறியது இப்போது நம் வால்வின் முதுகில் ஏறுகிறது, அவ்வளவே வித்தியாசம். அதற்காக அந்தச் சட்டத்தை நான் குறைசொல்லமாட்டேன்.

அடுத்து வந்தது போர்ட் இன்ஜெக்ஷன், நம் ஊர்ப் பேச்சில் எம்பிஎஃப்ஐ. 1995 ஏப்ரல் 1 முதல் கொல்கத்தா உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் கிடைத்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது. கார்புரேட்டரும் மெல்ல மறைந்தது. எம்பிஎஃப்ஐயில் இன்ஜெக்டர் பெட்ரோலைச் சரியாக இன்டேக் வால்வின் முதுகிலேயே பீய்ச்சுகிறது. ஆரம்பத்தில் இதிலும் தொல்லை இருந்தது. 1980-களில் அமெரிக்காவில் வால்வு முதுகில் கரி ஏறி, குளிரில் ஸ்டார்ட் செய்தால் கார் தள்ளாடுகிறது என்ற புகார் பெருகியது. பிஎம்டபிள்யூ நிறுவனம் தன் காரை 10,000 மைல் ஓட்டி வால்வைக் கழற்றி எடைபோடும் ஒரு சோதனையைக் கொண்டுவந்தது. பெட்ரோலில் கழுவும் வேதிப்பொருள்களைச் சேர்த்ததும் தொல்லை அடங்கியது. 1995 முதல் அமெரிக்காவில் அது கட்டாயம். பெட்ரோல் மருந்து கரியை எடுக்கும் என்ற நம்பிக்கைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அன்று அந்த நம்பிக்கை சரி. மருந்து கலந்த பெட்ரோல் நேரே வால்வின் மேல் விழுந்ததே.

இப்போது டைரக்ட் இன்ஜெக்ஷனுக்கு வருவோம். இதில் இன்ஜெக்டர் காற்றுக் குழாயில் இல்லை; சிலிண்டருக்குள்ளேயே மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். பழையதில் பெட்ரோல் 3, 4 பார் அழுத்தத்தில் வந்தது என்றால் இதில் 150, 200, சில எஞ்சின்களில் 350 பார் வரை. உள்ளே பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்கிறது. அதனால் டர்போ வைத்து இன்னும் அழுத்தலாம், சின்ன எஞ்சினிலிருந்து பெரிய சக்தி வாங்கலாம். யோசனை புதிதல்ல. 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் குட்பிராட், கோலியாத் என்ற சிறு கார்களில் வந்தது. 1954-ல் மெர்சிடீஸ் 300 எஸ்எல்லில் வந்தது. கணினி கட்டுப்பாட்டோடு சந்தைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் மிட்சுபிஷி, 1996-ல், ஜிடிஐ என்ற பெயரில்.

இதில் நமக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே மிட்சுபிஷியோடு கூட்டுச் சேர்ந்துதான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் திருவள்ளூரில் லான்சர் காரைக் கட்டியது. அதற்கு வந்த 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் சாதுவான போர்ட் இன்ஜெக்ஷன். ஜப்பானில் ஜிடிஐ கார் வாங்கியவர்கள் கரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நம் லான்சர்காரர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

நிம்மதி நீடிக்கவில்லை. 2013-ல் போலோ ஜிடி டிஎஸ்ஐயும், ஈகோஸ்போர்ட் ஈகோபூஸ்டும் வந்தன. 2019-ல் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஹூண்டாய் வென்யூ 1.0 டர்போ ஜிடிஐயோடு வந்தது. 2021-ல் குஷாக், டைகுன். மாருதியிலும் ஃப்ரான்க்ஸின் 1.0 பூஸ்டர்ஜெட் இந்த வகை. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது: மாருதியின் டூயல்ஜெட் டைரக்ட் இன்ஜெக்ஷன் இல்லை; ஒரு சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர், இரண்டும் வெளியே. டர்போ இருந்தாலே டைரக்ட் இன்ஜெக்ஷன் என்பதும் தவறு. 2017-ல் வந்த நெக்ஸானின் டர்போ பெட்ரோல் போர்ட் இன்ஜெக்ஷன்தான். ஆல்டோ, வேகன்ஆர் வைத்திருப்பவர்கள் இன்றைய பேச்சை அக்கம்பக்கத்தாருக்காகக் கேட்டுக்கொள்ளலாம்.

டைரக்ட் இன்ஜெக்ஷனில் வால்வின் முதுகை ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடத் தொடுவதில்லை. பிசிவி வழியாக ஆயில் ஆவி மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. வால்வுகள் திறந்து மூடும் இடைவெளியில் எரிந்த வாயுவும் கொஞ்சம் பின்னுக்கு வந்து புகைத்துகளைக் கொண்டுவருகிறது. டர்போவின் பேரிங்கிலிருந்து கசியும் ஆயிலும் சேரலாம். அடுப்படி ஜன்னல் கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி அதன்மேல் தூசு ஒட்டி இறுகுவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே கதை, சூடு மட்டும் பலமடங்கு. முதலில் வழவழப்பான ஒரு படலம், பிறகு தார், பிறகு கல். ஆயிலில் மருந்தாகச் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம் போன்றவற்றின் சாம்பலும் அதில் கிடக்கும். காற்று சுழன்று உள்ளே போக வேண்டிய வழவழப்பான பாதை கரடுமுரடாகிறது. எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே அளவு காற்று போவதில்லை.

கொல்கத்தா ஓட்டம் இதற்கு ஒத்தாசை செய்கிறது. லேக் மார்க்கெட்டிலிருந்து கரியாஹாட் எவ்வளவு தூரம்? இரண்டு கிலோமீட்டர் இருக்கும். எஞ்சின் சரியாகச் சூடேறுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம். சூடேறாத டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சினில் பெட்ரோல் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் ஒழுகி ஆயிலில் கலக்கும். இந்த ஊர் ஈரக்காற்றில் தண்ணீரும் உள்ளே சேரும். ஜனவரி மாதம் ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் வெண்ணெய் மாதிரி வெளுத்த ஒரு பசை இருந்தால் அதுதான் அடையாளம். இந்தக் கலவை ஆவியாகிப் போக ஒரே வழி பிசிவி. பூஜை நாட்களில் மணிக்கணக்கில் ஏசி போட்டு ஊர்ந்து கொண்டிருக்கும் கார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அறிகுறிகள்: காலையில் ஸ்டார்ட் செய்த முதல் ஒன்றிரண்டு நிமிடம் எஞ்சின் நடுங்கும், பிறகு சரியாகும். சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங் தள்ளாடும். ஏற்றத்தில், உதாரணமாக மா ஃப்ளைஓவரில் ஏறும்போது, பழைய இழுவை இல்லையே என்று தோன்றும். காரின் கணினியில் பதிவான கோளாறு எண்களைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகினால் பி0300 அல்லது அதையொட்டிய மிஸ்ஃபயர் எண்கள் வரும். ஆனால் இவை ஸ்பார்க் பிளக் தேய்ந்தாலும் வரும், காயில் கெட்டாலும் வரும், இன்ஜெக்டர் அடைத்தாலும் வரும். பிளக்கையும் காயிலையும் பார்க்காமல் நேரே கரிக்குப் போகிற மெக்கானிக்கிடம் ஜாக்கிரதையாக இருங்கள். எல்லா டைரக்ட் இன்ஜெக்ஷன் காருக்கும் இந்த நோய் வந்தே தீரும் என்பதும் இல்லை. ஆயிலை நன்றாகப் பிரிக்கும் அமைப்புள்ள எஞ்சின்கள் லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் குறையில்லாமல் ஓடுகின்றன.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி கண்ணால் பார்ப்பது. போரோஸ்கோப் என்று ஒரு கருவி; மெல்லிய கேபிளின் நுனியில் கேமரா. இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது காற்றுக் குழாய்த் தொகுதியை, கழற்றிவிட்டு அதை உள்ளே விட்டால் செல்போன் திரையில் வால்வின் முதுகு தெரியும். இன்று அது பெரிய விலையும் இல்லை.

இனி விற்பனைச் சரக்குகளைப் பார்ப்போம். பெட்ரோலில் ஊற்றும் புட்டி: இன்ஜெக்டரின் மூக்கைச் சுத்தம் செய்யலாம், அந்த அளவுக்கு அதை மதிக்கிறேன். வால்வின் முதுகுக்கு அது போகாது. எக்ஸ்பி100 மாதிரியான உயர்ரகப் பெட்ரோலுக்கும் இதே பதில். உங்கள் எஞ்சின் கேட்டால் போடுங்கள், கரிக்காகப் போடாதீர்கள். ஹைட்ரஜன் மிஷின்: தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து அந்த வாயுவை அரை மணி, முக்கால் மணி நேரம் காற்றுக் குழாயில் விடுகிறார்கள். அது எரிவது சிலிண்டருக்குள். வால்வின் முதுகைக் கடக்கும்போது அது வெறும் வாயு. கல்லாய் இறுகிய கரியை அது எப்படிப் பெயர்க்கும் என்று கேளுங்கள். புகைபோக்கி நுனியில் வெள்ளைத் துணி பிடித்து, கறுத்துவிட்டது பாருங்கள் என்று காட்டுவார்கள். எந்தக் காரின் புகைபோக்கியில் துணி பிடித்தாலும் கறுக்கும்.

காற்றுக் குழாய் வழியாக அடிக்கும் ஸ்ப்ரே கொஞ்சம் நியாயமானது, ஏனென்றால் அது வால்வைத் தொடுகிறது. இளம் படலத்தை இளக்கும். இறுகியதை எடுக்காது. டர்போ காரில் அதிகம் அடித்தால் பெயர்ந்த துண்டு டர்பைன் இறக்கையில் போய் மோதலாம். சிலிண்டர் சுவரின் ஆயிலையும் அது கழுவிவிடும். புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, அளவோடு பயன்படுத்துங்கள்.

உண்மையான வேலை இப்படி நடக்கும். மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும். வேலை செய்யும் சிலிண்டரின் இரண்டு இன்டேக் வால்வுகளும் முழுக்க மூடியிருக்கும்படி கிராங்க்கைத் திருப்பி நிறுத்த வேண்டும். இது தவறினால் எல்லாம் தவறும். அடிக்கிற பொருள் சிலிண்டருக்குள் போய்விடும். பிறகு அரைத்த அக்ரூட் ஓட்டைக் காற்றழுத்தத்தில் வால்வின்மேல் அடிப்பார்கள். கூடவே வேக்குவம் குழாய் அதையும் கரியையும் உறிஞ்சும். ஏன் அக்ரூட் ஓடு? கரியை உடைக்கும் அளவு கடினம், வால்வின் எஃகையும் ஹெட்டின் அலுமினியத்தையும் கீறாத அளவு மென்மை. தப்பித்தவறி ஒன்றிரண்டு துகள் உள்ளே போனாலும் எரிந்துவிடும். மணல் போனால் சிலிண்டரை அறுத்துவிடும். பிஎம்டபிள்யூ, மினி கார்களுக்கு இது நிறுவனமே ஒப்புக்கொண்ட முறை. குளிர்காலத்தில் இந்த ஊருக்குச் சால்வை விற்க வரும் காஷ்மீர்க்காரர்களின் தோட்டத்துக் காய் எஞ்சின் வைத்தியத்துக்கு வரும் என்று யார் நினைத்தார்கள்! அந்தக் கருவி இல்லாத இடத்தில் கரைப்பானை ஊற்றி ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷாலும் மரக் குச்சியாலும் கையால் சுரண்டலாம். நேரம் பிடிக்கும், பொறுமையுள்ள மிஸ்திரி செய்தால் பலன் ஒன்றுதான். எந்த முறையானாலும் பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடவிடாதீர்கள். செப்டம்பர் 17 வாக்கில் காரை விடாதீர்கள். அன்று விஸ்வகர்மா பூஜை, கரேஜ்களில் ஸ்பேனர் பூஜையில் இருக்கும்.

வராமல் தடுக்க முடியுமா? முழுக்க முடியாது, தள்ளிப்போடலாம். ஆயிலில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆயில் எவ்வளவு ஆவியாகும் என்பதற்கு நோவாக் என்ற சோதனை உண்டு; 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடைக் குறைவைப் பார்ப்பார்கள். ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-6 தரம் 15 சதவீதம் வரை அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஏசிஇஏ சி3 தரம் 13 சதவீதத்தோடு நிறுத்துகிறது. உங்கள் காரின் கையேடு எந்தத் தரத்தைச் சொல்கிறதோ அதையே வாங்குங்கள். நோவாக் எண் குறைவானது கிடைத்தால் நல்லது. கையேட்டில் 10,000 கிலோமீட்டர் என்றிருந்தால், குறுகிய ஓட்டம் ஓடுகிற நாம் அதற்கு முன்பே மாற்றிவிடலாம். டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றவிடாதீர்கள். அதிகப்படி ஆயில் நுரைத்துப் பிசிவிக்குள் போகும். பிசிவியின் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறதா என்று சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள். பிசிவி குழாயில் வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் ஆயில் கேட்ச் கேன் பொருத்துவது பற்றிக் கேட்பீர்கள். வேலை செய்கிற பொருள்தான். ஆனால் தவறாமல் கொட்டிக் காலி செய்ய வேண்டும், வாரண்டியிலும் வம்பு வரலாம். எனக்கு அதில் பெரிய உற்சாகம் இல்லை. வாரத்தில் ஒரு நாள் துர்காபூர் எக்ஸ்பிரஸ்வேயில் நீளமாக ஓட்டினால் ஏறிய கரி உதிராது. ஆயிலில் தேங்கிய தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகும், அந்த அளவுக்கு நன்மை.

கார் கம்பெனிகளுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். டொயோட்டா 2005 வாக்கிலேயே ஒரே எஞ்சினில் இரண்டு வகை இன்ஜெக்டரையும் வைத்தது, டி-4எஸ் என்ற பெயரில். வெளியே உள்ள இன்ஜெக்டர் அவ்வப்போது வால்வைக் கழுவுகிறது. ஃபோர்டும் அமெரிக்காவில் அப்படிச் செய்தது. செலவு கூடும் என்பதால் சின்னக் கார்களுக்கு அது பெரும்பாலும் இறங்கி வரவில்லை. டீசல் கார்க்காரர்களுக்கு ஒரு வரி: உங்கள் கரி, எரிந்த புகையில் கொஞ்சத்தைக் காற்றுக் குழாய்க்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வழியாக வரும் புகையும் ஆயிலும் சேர்ந்தது, மேனிஃபோல்டு முழுக்க அடைக்கும், அதையும் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாக, நம் ஊர் மிஸ்திரிகளிடமே திரும்பி வருகிறேன். 2008-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் பழைய வணிக வாகனங்களை நகரத்திலிருந்து விலக்கச் சொன்னது. மறு ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. 2014 மே மாதம் அம்பாசடர் கட்டிய உத்தரபாரா ஆலையும் நின்றது. நகரத்தின் காற்றுக்கு அந்தத் தீர்ப்பு அவசியமானது. அதோடு ஹெட்டைத் திறந்து, கண்ணால் பார்த்து, கையால் சரிசெய்து, கழற்றிய பாகத்தை உரிமையாளர் கண்முன் வைக்கும் பழக்கமும் தேய்ந்துவிட்டது. இப்போது காரை விடுகிறோம், சாயங்காலம் பில்லோடு எடுக்கிறோம், உள்ளே என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது.

ஆகவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாராவது உங்கள் காருக்கு டீகார்ப் செய்ய வேண்டும் என்று சொன்னால், வேலைக்கு முன்பு போரோஸ்கோப்பில் எடுத்த படத்தையும் வேலைக்குப் பிறகு எடுத்த படத்தையும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். வேலைக்கு முன் தரும் செலவு மதிப்பீட்டில் அதை எழுதி வாங்குங்கள். மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த கரேஜுக்குப் போங்கள்.